சும்மா எழுதுகிறவர்களும் காசுக்கு எழுதுகிறவர்களும்: விக்கிப்பீடியாவில் யார் யார்?

கேள்வி சுருக்கமாக இதுதான். சிங்கப்பூரில் முப்பது ஆண்டுகளாக நாடகம் போட்டுவரும் ஒரு சிறிய தமிழ்க் குழுவின் செயலாளர், விக்கிப்பீடியாவில் எழுதிவரும் எனக்கு எழுதியிருக்கிறார். குழுவைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு ஒரு வரைவு அனுப்பினார்களாம், ஏற்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது: நான் விக்கிப்பீடியா நிர்வாகி, 1,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தால் கட்டுரையை ஏற்றித் தருகிறேன், அப்புறம் மாதம் 50 வெள்ளி கட்டினால் யாரும் அதில் கை வைக்காமல் பார்த்துக்கொள்கிறேன். குழுவில் பாதிப் பேர் கொடுத்துவிடலாம் என்கிறார்களாம். கொடுக்கலாமா? கூடவே இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார்: நீங்களெல்லாம் உண்மையிலேயே சம்பளம் இல்லாமல்தான் எழுதுகிறீர்களா, அப்படியென்றால் எதற்காக?

கொடுக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படிக்கலாம். விக்கிப்பீடியாவில் நிர்வாகி என்பவர் சம்பளம் வாங்கும் அதிகாரி இல்லை. நம்மைப் போல எழுதிக்கொண்டிருந்த ஒருவரைச் சக பயனர்கள் ஆதரவு தெரிவித்துத் தேர்ந்தெடுத்து, பக்கத்தை நீக்கவும் பூட்டவும் விஷமம் செய்கிற கணக்கைத் தடுக்கவும் கூடுதலாகச் சில பொத்தான்களைக் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பொத்தான்களைக் காசுக்கு அழுத்துகிறார் என்று தெரிந்தால் பொறுப்பு போய்விடும். அதோடு, ஒரு கட்டுரையில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று எவராலும் வாக்குக் கொடுக்க முடியாது. எல்லோரும் கை வைக்கலாம் என்பதில்தான் அந்த இடமே நிற்கிறது.

உங்களுக்கு வந்த கடிதம் பழைய வித்தை. 2015 ஆகஸ்ட் கடைசியில் ஆங்கில விக்கிப்பீடியாவில் 381 கணக்குகளை ஒரேயடியாகத் தடை செய்தார்கள், 210 கட்டுரைகளை நீக்கினார்கள். முதலில் பிடிபட்ட கணக்கின் பெயரை வைத்து அதை ஆரஞ்ச்மூடி விவகாரம் என்போம். அவர்கள் செய்தது இதுதான்: ஏற்கப்படாத வரைவுகள் எல்லாம் பொதுவில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவற்றைத் தேடித் தேடிப் படித்து, யாரைப் பற்றியதோ அந்தச் சிறு வணிகரையோ கலைஞரையோ தொடர்புகொண்டு, நான் அனுபவமுள்ள தொகுப்பாளர், காசு கொடுத்தால் கட்டுரையை வெளியே கொண்டுவருகிறேன் என்றார்கள். பணம் வாங்கிக் கட்டுரையைப் போட்டபிறகு, அதை நீக்காமல் காப்பதற்கு என்று மாதாமாதம் கேட்டார்கள். உங்கள் மின்னஞ்சலைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது அதனால்தான். பத்து வருஷம் ஆகியும் அதே வித்தை, அதே வரிசை. பதில் எழுத வேண்டாம். மனசு கேட்கவில்லை என்றால் 1799-க்கு அடித்து மோசடித் தடுப்பு உதவி எண்ணில் விசாரியுங்கள்.

ஆனால் இதை வைத்து, காசு வாங்கி எழுதுகிறவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நம் ஊரில் தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரைக்கும் தண்ணீரும் மோரும் கொடுக்கிறவர்கள் தொண்டூழியர்கள். பந்தல் போடுகிறவருக்குக் கூலி உண்டு, ஒலிபெருக்கிக்காரருக்கு வாடகை உண்டு. அதைத் தப்பென்று யாரும் சொல்வதில்லை. பந்தல்காரர் தொண்டூழியர் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்று, தன் கம்பெனிதான் நல்ல கம்பெனி என்று வருகிறவர்களிடம் சொன்னால்தான் தப்பு. விக்கிப்பீடியாவின் விதியும் ஏறக்குறைய இதேதான்.

அந்த விதி எழுத்தில் வந்தது 2014 ஜூனில். அதற்கு முந்தைய வருஷம் விக்கி-பிஆர் என்ற ஒரு நிறுவனம் வாடிக்கையாளர்களிடம் காசு வாங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான போலிக் கணக்குகளில் எழுதியது வெளியே வந்து, 250-க்கு மேற்பட்ட கணக்குகள் முடக்கப்பட்டு, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை வழக்கறிஞர் கடிதம் அனுப்பும் அளவுக்குப் போனது. அதன்பிறகு பயன்பாட்டு விதிமுறைகளில் ஒரு பத்தி சேர்ந்தது: காசு வாங்கி அல்லது காசு வரும் என்ற எதிர்பார்ப்பில் எழுதினால், உன் முதலாளி யார், வாடிக்கையாளர் யார், உனக்கு அவர்களோடு என்ன தொடர்பு என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உன் பயனர் பக்கத்தில் சொல்லலாம், கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் சொல்லலாம், மாற்றத்தோடு சேர்த்து எழுதும் சிறு குறிப்பான தொகுப்புச் சுருக்கத்திலும் சொல்லலாம். சொல்லிவிட்டால் எழுதலாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் இன்னும் ஒரு படி மேலே போய், நேரடியாகக் கட்டுரையில் எழுதாதே, உரையாடல் பக்கத்தில் கேள், சம்பந்தமில்லாத ஒருவர் பார்த்துச் சேர்க்கட்டும் என்பார்கள். கம்பெனியில் பயிற்சிக்கு வந்த மாணவரை உட்காரவைத்து எழுதச் சொன்னாலும் அதே விதிதான். நீங்கள் செயலாளராகச் சம்பளம் வாங்கவில்லை என்று நினைக்கிறேன், அதனால் இந்த விதி உங்கள்மேல் அப்படியே பாயாது, ஆனால் சொந்தக் குழுவைப் பற்றிச் குழுவில் இருப்பவரே எழுதுவது நலமுரண்தான், அதாவது சொந்த நலனும் நடுநிலையும் மோதுகிற இடம். அதையும் சொல்லிவிட்டு எழுதுவது நல்லது.

சரி, முறையாகக் காசு வாங்குகிறவர்கள் யார்? அறக்கட்டளையில் சில நூறு பேர் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். வழங்கிகளை (சர்வர்களை) பார்த்துக்கொள்வது, மென்பொருள், சட்டம், நன்கொடை திரட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கட்டுரை எழுதுவது அவர்கள் வேலை இல்லை. ஆண்டுதோறும் பக்கத்தின் உச்சியில் நன்கொடை கேட்டு ஒரு பட்டை வருமே, அந்தக் காசில் ஒரு வெள்ளிகூடக் கட்டுரை எழுதியதற்கு என்று எனக்கு வந்ததில்லை, வர வேண்டும் என்றும் நான் நினைத்ததில்லை. அடுத்து, அருங்காட்சியகங்களும் நூலகங்களும் சில நேரம் சம்பளத்துக்கு ஒரு விக்கிப்பீடியரைத் தங்களோடு வைத்துக்கொள்வது உண்டு. 2010-ல் லியம் வயட் என்பவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சம்பளம் இல்லாமலே போய் உட்கார்ந்து தொடங்கிவைத்தது. அந்த இடத்துக்கு விளம்பரம் எழுதுவது அவர் வேலை இல்லை, பூட்டிக் கிடக்கும் படங்களையும் ஆவணங்களையும் வெளியே கொண்டுவருவதுதான். நம் ஊரில் தேசிய நூலக வாரியத்தின் இன்ஃபோபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியம் இருக்கிறது. அது யாரும் திருத்தக்கூடிய விக்கி இல்லை, பெரும்பாலும் நூலக ஊழியர்கள் பணியின் பகுதியாக எழுதுவது. எழுதியவர் பெயர் பக்கத்திலேயே இருக்கும், ஆதாரமும் இருக்கும். சிங்கப்பூரைப் பற்றி எதை எழுத உட்கார்ந்தாலும் நான் முதலில் திறந்து பார்க்கும் இடங்களில் அது ஒன்று. சம்பளத்துக்கு எழுதியதால் அதன் தரம் குறைந்துவிடவில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவுக்கே இதில் ஒரு அனுபவம் உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு எங்கே உதவும், எங்கே கை கொடுக்காது என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. 2009, 2010 வாக்கில் கூகுள் நிறுவனம் ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ், வங்காளம், தெலுங்கு போன்ற மொழிகளில் பெயர்க்கக் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை வைத்தது. கட்டுரைகள் மடமடவென்று வந்து விழுந்தன. நல்ல நீளம். ஆனால் எதை மொழிபெயர்ப்பது என்று முடிவு செய்தது தமிழில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் இல்லை. ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்க, மேலே தமிழ்ச் சொல்லைப் போர்த்திய வாக்கியங்கள். ஒரு பத்தியை மூன்று முறை படித்தால்தான் எழுவாய் எங்கே என்று தெரியும். உரையாடல் பக்கத்தில் போய், இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை, ஏனென்றால் எழுதியவர் அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டார், அவருக்கு வேலை அதுதான், அவர்மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை. வங்காள விக்கிப்பீடியர்கள் இப்படி வந்தவற்றை ஏற்க மாட்டோம் என்றே சொல்லிவிட்டார்கள். தமிழில் நாங்கள் பேச்சுவார்த்தைக்குப் போனோம். என்ன தலைப்பு வேண்டும், எங்கே பிழை, யார் திருத்துவது என்று எழுதி எழுதிக் கேட்டோம். 2010-ல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த, விக்கிப்பீடியர்களின் உலக மாநாடான விக்கிமேனியாவில் தமிழ் விக்கிப்பீடியா சார்பாக இதை விளக்கி உரையே நிகழ்த்தினார்கள். பிறகு நிலைமை ஓரளவு மாறியது. ஆனாலும் அந்தக் கட்டுரைகள் சிலவற்றைப் பல வருஷம் கழித்தும் யாராவது ஒருவர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒழுங்கு செய்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எழுதியதற்குக் கூலி கிடைத்தது. திருத்தியதற்கு யாரும் கொடுக்கவில்லை, திருத்தியவர் கேட்கவும் இல்லை.

அதற்கு அப்புறம் 2018-ல் வேங்கைத் திட்டம் வந்தது. அதிலும் கூகுளின் ஆதரவு இருந்தது, ஆனால் அமைப்பு வேறு. ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு மடிக்கணினி, இணையக் கட்டணத்துக்கு உதவி, கூடவே மொழிகளுக்கிடையே ஒரு கட்டுரைப் போட்டி. முதல் முறை பஞ்சாபி முதலிடம், தமிழ் இரண்டாமிடம். அடுத்த முறை, 2019-20-ல், தமிழ் முதலிடம். போட்டி என்றால் எண்ணிக்கைக்காக எழுதுகிற ஆசை வரத்தான் செய்யும், வந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் கணினி வாங்க வசதியில்லாமல் கைபேசியில் தட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கணினி கிடைத்தது, அவர்கள் போட்டி முடிந்ததும் போய்விடவில்லை. என் அபிப்பிராயத்தில் காசைச் செலவழிப்பதற்கு அது நல்ல வழி: எழுத்தை வாங்குவதைவிட, எழுதுகிறவருக்கு வேண்டியதை வாங்கிக் கொடுப்பது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: சம்பளம் இல்லாமல் எதற்காக எழுதுகிறோம்?

விக்கிப்பீடியாவின் தொடக்கத்திலேயே ஒரு சம்பளக்காரர் இருந்தார் என்றால் ஆச்சரியப்படுவீர்கள். 2000-இல், விக்கிப்பீடியாவைப் பின்னால் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸின் போமிஸ் நிறுவனம் நியூபீடியா என்ற கலைக்களஞ்சியத்தைத் தொடங்கி, அதற்கு ஆசிரியராக லாரி சாங்கரைச் சம்பளத்துக்கு வைத்தது. அறிஞர்கள் எழுத, ஏழு படி பரிசோதனை. முதல் ஆண்டில் தேறியது இருபது கட்டுரை அளவுதான். அதற்குத் துணையாக 2001 ஜனவரி 15-ல் திறந்துவிட்ட விக்கிப்பீடியாவில் ஒரே வருஷத்தில் பல ஆயிரம் கட்டுரைகள் குவிந்துவிட்டன. 2002 தொடக்கத்தில் போமிஸிடம் காசு தீர்ந்து சாங்கரின் சம்பளம் நின்றது. விளம்பரம் போட்டுச் சம்பளம் கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்ததுமே ஸ்பானிய மொழியில் எழுதிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர், எங்கள் உழைப்பை வைத்து யாரும் விளம்பரம் விற்க வேண்டாம் என்று கிளம்பிப் போய் செவில் பல்கலைக்கழகத்தின் வழங்கியில் தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கிவிட்டார்கள். இன்றுவரை விக்கிப்பீடியாவில் விளம்பரம் கிடையாது. அந்த ஸ்பானியர்களுக்கு அதில் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். சும்மா எழுதுகிறவர்களுக்குப் பேச உரிமை இருக்காது என்று நினைக்கிறோம், ஆனால் எழுந்து போகிற உரிமை அவர்களிடம் எப்போதும் இருக்கிறது, சம்பளக்காரரால் அப்படி எழுந்து போக முடியாது.

தமிழுக்கும் இது புதிதில்லை. பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த சிங்காரவேலு முதலியார் பல ஆண்டுகள் தனியாளாக உழைத்துத் திரட்டியதுதான் 1910-ல் வந்த அபிதான சிந்தாமணி என்ற இலக்கியக் கலைக்களஞ்சியம். பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு, அரசு உதவியுடன், பணியாளர்களோடு, 1954-லிருந்து 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது கலைக்களஞ்சியம். இரண்டுமே நமக்கு வேண்டியிருந்தது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017-ல் ஒரு லட்சம் கட்டுரையைத் தொட்டது, இன்று ஒன்றரை லட்சத்தையும் தாண்டிவிட்டது.

எனக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால் ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன். நம் ஊரில் எப்போதோ மூடப்பட்டுவிட்ட ஒரு சின்னத் தமிழ்த் தொடக்கப்பள்ளியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளி எந்த ஆண்டு தொடங்கியது? ஒரு நினைவு மலர் 1947 என்றது, ஒரு கட்டுரை 1941 என்றது. விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் மைக்ரோஃபிலிம் சுருளை மாட்டி, ஐம்பதுகளின் தமிழ் முரசு பக்கங்களை ஓட்டிக்கொண்டே போனேன். கைப்பிடியைக் கொஞ்சம் வேகமாகத் திருப்பினால் ஒரு வாரம் பறந்துவிடும், பின்னால் வர வேண்டும். கண் எரிந்தது. மூன்று மணி நேரம் கழித்து ஒரு மூலையில், திரைப்பட விளம்பரத்துக்குக் கீழே, நாலு வரிச் செய்தி: பள்ளியின் எட்டாம் ஆண்டு விழா. கூட்டிக் கழித்துப் பார்த்தால் 47-தான் சரியாக வந்தது, ஆனால் போர்க்காலத்தில் மூடிவிட்டு மறுபடி திறந்ததிலிருந்து எண்ணியிருக்கலாமே என்ற சந்தேகமும் போகவில்லை. கடைசியில் இரண்டு ஆண்டையும் ஆதாரத்தோடு குறித்து ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன். அரை நாள், ஒரு வாக்கியம். ஒன்றரை வருஷம் கழித்து, கணக்கே இல்லாத யாரோ ஒருவர் வந்து தலைமையாசிரியரின் முன்னெழுத்தை மட்டும் மாற்றிவிட்டுப் போயிருந்தார். கோபம் வந்தது. போய்ப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. அந்தப் பள்ளியில் படித்தவரோ, அந்த ஆசிரியரின் பேரப்பிள்ளையோ, யாரென்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு இருந்த சந்தோஷத்துக்கு நான் விலை சொல்ல மாட்டேன்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் 1,800 வெள்ளி கொடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது எழுத்து. கட்டுரை உயிரோடு இருப்பது எழுதியதால் இல்லை, மாற்றம் நடந்தால் காட்டிக்கொடுக்கும் கவனிப்புப் பட்டியலில் யாரோ ஒருவர் அதை வைத்திருப்பதால். போன வருஷம் இரவு பதினொன்றே முக்காலுக்கு, இருபது நிமிஷம் முன்னால் தொடங்கப்பட்ட ஒரு கணக்கு, ஒரு துணைப்பாட நிலையத்தைப் பற்றிச் சிங்கப்பூரின் முன்னணி, நம்பகமான, பெற்றோர்களின் முதல் தேர்வு என்று துண்டுப் பிரசுரத்தை அப்படியே ஒரு கல்விக் கட்டுரையில் ஒட்டியிருந்தது. நான் நீக்கினேன். மறுபடி ஒட்டினார். மறுபடி நீக்கி, உரையாடல் பக்கத்தில், நீங்கள் அந்த நிலையத்தில் வேலை செய்கிறீர்களா, தப்பில்லை, சொல்லுங்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: ஆமாம், முதலாளி போடச் சொன்னார். பாவம், அந்நேரத்தில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தது அந்தப் பிள்ளையும்தான். விளக்கினேன், வெளி இணைப்புகளுக்குத் தேடுபொறியில் மதிப்புக் கூடாதபடி விக்கிப்பீடியா குறியிட்டு வைத்திருக்கிறது, அதனால் முதலாளி நினைக்கிற லாபம்கூட வராது என்றும் சொன்னேன். நின்றுவிட்டது. உங்கள் நாடகக் குழுவின் பக்கத்தில் நாளைக்கு யாராவது கண்டதை எழுதினால், அந்நேரத்தில் பார்த்து நீக்கப்போவது இப்படி ஒரு ஆள்தான், பணம் வாங்கிக்கொண்டு போனவர் இல்லை.

சந்தேகம் இருந்தால் எந்தப் பக்கத்திலும் மேலே "வரலாற்றைக் காட்டவும்" என்பதை அழுத்திப் பாருங்கள். காசுக்கு ஒளிந்து எழுதியது பல நேரம் அதிலேயே தெரியும்: புதுக் கணக்கு, ஒரே நாளில் முழுக் கட்டுரை, அதற்குப் பிறகு அந்தக் கணக்கு வேறெங்கும் எழுதியிருக்காது.

இனி உங்கள் குழுவுக்கு என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறேன். வரைவை ஏற்காததற்குக் காரணம் பெரும்பாலும் குழு சிறியது என்பதாக இருக்காது. குழுவோடு சம்பந்தமில்லாதவர்கள் உங்களைப் பற்றி எழுதியதற்கு ஆதாரம் காட்டாததாகத்தான் இருக்கும். சொந்த இணையப் பக்கமும் முகநூலும் நிகழ்ச்சித்தாளும் அந்தக் கணக்கில் வராது. நாளிதழ் விமர்சனம், நேர்காணல், நாடக வரலாற்றைப் பற்றிய புத்தகத்தில் ஒரு பக்கம், இவை வரும். தமிழில் இருந்தாலும் வரும், ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்று விதி இல்லை. பழைய தமிழ் முரசு இதழ்கள் நூலகத்தில் இருக்கின்றன. தேடி எடுத்தால் மூன்று நான்காவது தேறும் என்று நினைக்கிறேன். தேறவில்லை என்றால் இப்போதைக்குத் தனிக் கட்டுரை வேண்டாம், சிங்கப்பூர்த் தமிழ் நாடகம் பற்றிய பொதுக் கட்டுரையில் ஆதாரம் உள்ள வரைக்கும் இரண்டு வரி சேர்க்கலாம். நிகழ்ச்சித்தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அவற்றை நூலகத்துக்குக் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். நாளைக்கு ஆராய்ச்சி செய்கிறவருக்கு அதுதான் மூலம். உங்கள் ஆட்களே எடுத்த மேடைப் படங்கள் இருந்தால், எடுத்தவர் சம்மதித்தால், விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். ஒரு முறை ஏற்றிவிட்டால் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், திரும்ப வாங்க முடியாது, அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்த 1,800 வெள்ளியை அடுத்த நாடகத்தின் அரங்க வாடகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் என்னை ஐயா என்று எழுதியிருந்தீர்கள், அண்ணன் என்றே கூப்பிடலாம். சனிக்கிழமை காலையில் நான் நூலகத்தில்தான் இருப்பேன். முதல் நாடகம் எந்த மாதம், எந்த அரங்கம் என்று உங்கள் மூத்தவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள், மாதம் தெரிந்தால் சுருளைத் தேடுவது பாதி முடிந்த மாதிரி.